சிஸ்டர் பதில்கள்: டாக்டரை எவ்வளவு நம்பலாம்?

போன இதழில் ஒரு வாசகிக்குப் பதில் எழுதும்போது, "டாக்டர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, கேட்டுவிடுங்கள்" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் ஒரு மஞ்சப்பை நிறைய. பாதிப் பேர் சபாஷ் போடுகிறார்கள். மீதிப் பேர், "நர்ஸாக இருந்தவரே இப்படித் தூண்டிவிடலாமா?" என்று சண்டைக்கு வருகிறார்கள். அதனால் இந்தத் தடவை முடி கொட்டுவது, மூட்டு வலி எல்லாம் அடுத்த இதழுக்கு. 34 வருஷம் அரசு ஆஸ்பத்திரிகளில், பெரும்பாலும் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தாலுகா ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்தேன். நான் டாக்டர் இல்லை. டாக்டருக்கும் கட்டிலுக்கும் நடுவில் நின்றவள். அங்கிருந்து தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 46. கம்பெனியில் எடுத்த செக்கப்பில் பித்தப்பையில் கல் இருப்பதாக ஸ்கேனில் வந்தது. ஒரு நாளும் வயிறு வலித்ததில்லை. "இந்த வாரமே ஆபரேஷன் பண்ணிடலாம், இன்ஷூரன்ஸ் இருக்குல்ல" என்கிறார் டாக்டர். வேறு ஒருவரிடம் காட்டினால் இவரை நம்பாத மாதிரி ஆகிவிடாதா? – வாசகர், புதுக்கோட்டை

பதில்: நோய்களை என் வசதிக்கு ஓடுகிற நோய், நடக்கிற நோய் என்று பிரித்து வைத்திருக்கிறேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வியர்த்துக் கொட்டுகிறது, வாய் ஒரு பக்கம் கோணுகிறது, பிரசவமான பிறகு ரத்தம் நிற்கவில்லை, பாம்பு கடித்துவிட்டது. இதெல்லாம் ஓடுகிற நோய். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அந்த நேரத்தில், "சித்தப்பா மகன் சென்னையில டாக்டரா இருக்கான், அவனைக் கேட்டுட்டுச் சொல்றோம்" என்று போனும் கையுமாக வராந்தாவில் நடப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கை பதறும். அங்கே எதிரில் நிற்கிற டாக்டரை நம்புவதைத் தவிர வேறு வழி கிடையாது.

உங்கள் கல் நடக்கிற நோய்கூட இல்லை, உட்கார்ந்திருக்கிற நோய். வலி, காமாலை, காய்ச்சல் எதுவும் தராத பித்தப்பைக் கல்லுக்குப் பொதுவாக அவசர ஆபரேஷன் தேவைப்படுவதில்லை. பலருக்குக் கடைசிவரை அது தொந்தரவே தராது. விதிவிலக்கு உண்டு. உங்களுக்கு அப்படி ஏதாவது இருக்கிறதா, ஏன் இந்த வாரமே என்பதை அவரிடமே கேளுங்கள். அவர் நல்ல டாக்டராகவே இருக்கலாம். ஆனால் இன்ஷூரன்ஸ் இருப்பது ஆபரேஷனுக்கான காரணம் ஆகாது. அந்த ஒரு வாக்கியம் எனக்குப் பிடிக்கவில்லை.

போர்வெல் போடுவதற்கே இரண்டு பேரைத் தனித்தனியாகக் கூட்டிவந்து நீரோட்டம் பார்க்கிற ஊர் நம்முடையது. வயிற்றைத் திறப்பதற்கு இன்னொருவரைக் கேட்டால் என்ன தப்பு? ஸ்கேன் படத்தையும் ரிப்போர்ட்டையும் வாங்கிக்கொண்டு போங்கள். படுத்திருந்த நோயாளியின் சிகிச்சைப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. வாயால் கேட்டுத் தரவில்லை என்றால் எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். இன்னொன்று: முதல் டாக்டர் என்ன சொன்னார் என்பதை இரண்டாவது டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். அவர் படத்தைப் பார்த்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்து, தன் கருத்தைச் சொன்ன பிறகு சொல்லுங்கள்.

ஆபரேஷன்தான் என்று முடிவானால், கையெழுத்துப் போடும் தாளைப் படிக்காமல் போடாதீர்கள். பரிசோதனைக்காக வயிற்றில் குழாய் விட்டுப் பார்க்க மட்டும் சம்மதித்த ஒரு பெண்ணுக்கு, மயக்கத்தில் இருக்கும்போதே தாயாரிடம் கையெழுத்து வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். ஒன்றுக்குக் கொடுத்த சம்மதம் இன்னொன்றுக்கு ஆகாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் ஊரில் அந்தத் தாளை மடித்துப் பிடித்துக்கொண்டு, "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்று விரலை வைத்துக் காட்டுவோம். நானும் அப்படிக் காட்டியிருக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் தெரு டாக்டர் குழந்தைக்குக் காய்ச்சல் என்று போனால் ஊசியே போடுவதில்லை. "வைரஸ் காய்ச்சல், ரெண்டு நாள் பாருங்க" என்று பாரசிட்டமால் மட்டும் எழுதிவிட்டு 300 ரூபாய் வாங்குகிறார். இவரை நம்பலாமா? – வாசகி, விழுப்புரம்

பதில்: ஊசி போடாமல் 300 ரூபாய் வாங்குகிற தைரியம் உள்ள டாக்டரை விட்டுவிடாதீர்கள். வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. ஊசி போட்டு அனுப்பியிருந்தால் நீங்களும் சந்தோஷப்பட்டிருப்பீர்கள், அவருக்கும் கூட்டம் சேர்ந்திருக்கும். அதை வேண்டாம் என்கிறார் பாருங்கள். குழந்தை பால் குடிக்கவில்லை, ஆறு மணி நேரமாக ஒன்றுக்குப் போகவில்லை, எழுப்பினால் சரியாக முழிக்கவில்லை, வலிப்பு வருகிறது என்றால் மட்டும் அந்த இரண்டு நாள் கணக்கைப் பார்க்காமல் ஓடுங்கள்.

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. உணவுக்குழாயில் புற்றுநோய். "அவரிடம் அல்சர் என்றே சொல்லுங்கள்" என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டோம். "நானாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் கேட்டால் பொய்யும் சொல்ல மாட்டேன்" என்கிறார். இப்படிப்பட்டவரை நம்பி அப்பாவை எப்படி ஒப்படைப்பது? – வாசகர், திருவாரூர்

பதில்: தாராளமாக ஒப்படைக்கலாம். எங்கள் ஆண்கள் வார்டில் இருந்த ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்கிறேன். அவருக்கும் இதே 'அல்சர்'தான். மூன்று பிள்ளைகள். கேஸ் ஷீட்டைக் கட்டிலில் மாட்டாதீர்கள், அப்பா படித்துவிடுவார் என்று கெஞ்சி, அதை டியூட்டி மேசையில் வைக்கச் சொன்னார்கள். நாங்களும் வைத்தோம். ஒரு நாள் விடிகாலை 3 மணிக்கு டிரிப்ஸ் மாற்றப் போனேன். முழித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, எல்லாக் கட்டில்லயும் சீட்டு தொங்குது. என் கட்டில்ல மட்டும் இல்லையே."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பாட்டிலைத் தட்டிக்கொண்டே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "எனக்குத் தெரியும்னு பசங்ககிட்டச் சொல்லிடாதே. பாவம், தாங்க மாட்டானுங்க" என்றார்.

பிள்ளைகள் அவரிடம் மறைக்கிறார்கள், அவர் பிள்ளைகளிடம் மறைக்கிறார். நடுவில் நாங்கள். இரண்டு வாரம் கழித்து வலி அதிகமானபோது டாக்டர் ரவுண்ட்ஸில், "இந்த ஊசி போட்டா வலி நல்லா குறையும் ஐயா" என்றார். பெரியவர் சிரித்தார். "அல்சர்னும் நீங்கதானே சொன்னீங்க." அந்த டாக்டர் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. ஊசி போட்டுக்கொண்டார், ஆனால் அதற்குப் பிறகு எந்த வெள்ளைக்கோட்டு சொன்னதையும் அவர் காதில் வாங்கவில்லை. வலி எங்கே, எவ்வளவு என்று கேட்டால்கூட, "உங்களுக்குத் தெரியாததா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

டெல்டா பக்கத்தில் 'அடையாறு' என்றாலே நோயின் பெயர். சென்னை அடையாறில் 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய புற்றுநோய் ஆஸ்பத்திரி அது. "அடையாறுக்கு எழுதிக் குடுத்துட்டாங்க" என்றால் ஊரில் மேற்கொண்டு யாரும் கேட்பதில்லை. கதிர்வீச்சு வார்டு வாசலில் உட்கார வைத்துக்கொண்டு அல்சர் என்றால், 68 வயதுவரை வாழ்ந்த மனிதர் அதை நம்புவார் என்றா நினைக்கிறீர்கள்?

நீங்கள் டாக்டரைத் தனியாகப் பார்த்து ஒன்று கேளுங்கள்: அப்பாவிடம், "உங்க உடம்பு பத்தி எல்லாத்தையும் உங்ககிட்டயே சொல்லட்டுமா, பையன்கிட்டச் சொன்னாப் போதுமா?" என்று அவரே விசாரிக்கட்டும். "எனக்கு வேண்டாம், அவன்கிட்டச் சொல்லிடுங்க" என்று கையை விரிப்பவர்களும் உண்டு. அப்படிச் சொன்னால் அது அவர் எடுத்த முடிவு. உங்கள் டாக்டர் அதற்கு இடம் வைத்துத்தான் பேசியிருக்கிறார்.

கேள்வி: என் மாமியாருக்குச் சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறது. மாத்திரையைப் பாதிதான் சாப்பிடுகிறார். மீதியைப் பீரோவில் போட்டு வைக்கிறார். கூடவே ஏதோ லேகியம். "டாக்டர்கிட்டச் சொன்னே, தொலைஞ்சே" என்கிறார். நான் சொல்லலாமா? – மருமகள், திண்டுக்கல்

பதில்: சொல்லுங்கள் அம்மா. திட்டு வாங்கினாலும் சொல்லுங்கள். காலில் புண்ணோடு ஒருவர் எங்கள் வார்டில் சேர்ந்தார். வீட்டில் சாப்பிடும் மாத்திரை என்று மூன்று வகை எழுதியிருந்தது. எழுதியபடி வேளாவேளைக்கு நானே நின்று விழுங்க வைத்தேன். மறுநாள் சாயங்காலம் மனிதர் சட்டை நனைய வியர்த்து, சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தார். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 42. குளுக்கோஸ் ஏற்றி, அவர் கண் தெளிந்த பிறகுதான் அவர் மனைவி முந்தானையை முறுக்கிக்கொண்டே சொன்னார்: "வீட்ல அவர் ஒரு நாளும் முழுசாச் சாப்பிட்டதில்லைங்க."

சாப்பிடாததால் சர்க்கரை ஏறியது. மாத்திரை போதவில்லை என்று நினைத்து டாக்டர் ஒவ்வொரு தடவையும் அளவைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். டாக்டர் நம்மை ஏமாற்றுகிறாரா என்று மஞ்சப்பை நிறையக் கடிதம் வருகிறது. நாம் டாக்டரை ஏமாற்றுவதைப் பற்றி நீங்கள் ஒருவர்தான் எழுதியிருக்கிறீர்கள்.

அடுத்த தடவை பீரோவில் இருக்கிற அட்டைகள், லேகிய டப்பா எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் மேசையில் கொட்டிவிடுங்கள். லேகியத்தில் என்ன கலந்திருக்கிறது என்று டப்பாவில் எழுதாவிட்டால் அதையும் சொல்லுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் மாதாமாதம் வீட்டுக்கு மாத்திரை வருகிறது என்றால், கொண்டுவரும் பெண்ணிடம் மீதி அட்டையைக் காட்டினாலே போதும்.

கேள்வி: மகளுக்கு எட்டாம் மாதம். "அந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலே சிசேரியன்தான்" என்கிறார்கள். எப்படி நம்பிச் சேர்ப்பது? – ஒரு தாய், நாமக்கல்

பதில்: உங்கள் சந்தேகம் அடியோடு தப்பில்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 45 சிசேரியன். நாடு முழுக்கப் பார்த்தால் 22-கூட இல்லை. ஆனால் பிரசவ அறை வாசலில் நின்றுகொண்டு இந்தக் கணக்கைப் பேச முடியாது. குழந்தையின் இதயத் துடிப்பு 110-க்குக் கீழே இறங்கி ஏறாமல் நின்றால், அப்போது கையெழுத்துப் போட வேண்டும், பேரம் கூடாது. கேட்க வேண்டியது இப்போது, எட்டாம் மாதத்தில்: "சுகப்பிரசவத்துக்கு என் மகளுக்குத் தடை ஏதாவது இருக்கா? இருந்தா என்னன்னு சீட்டுல எழுதுங்க டாக்டர்." ஜோசியர் எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டி, "வெள்ளிக்கிழமை ஒன்பதேகாலுக்குள்ள எடுத்துடுங்க" என்று கேட்ட குடும்பங்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். அந்த 45-ல் அவர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி: நான் ஒரு அரசு ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டர். உறவினர்கள் வந்ததும் செல்போனில் வீடியோ எடுக்கிறார்கள், கை ஓங்குகிறார்கள். டாக்டரைக் கேள்வி கேட்கச் சொல்லும் நீங்கள், எங்களுக்கு என்ன சொல்வீர்கள்? – பெயர் வேண்டாம்

பதில்: டாக்டர் தம்பி, உங்கள் கடிதம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. தமிழ்நாட்டில் 2008-லேயே ஆஸ்பத்திரி ஊழியர்களைத் தாக்குவதற்கு எதிராகத் தனிச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் ராத்திரி 11 மணிக்குக் கை ஓங்குகிறவன் சட்டம் படித்துவிட்டு வருவதில்லை.

அறுவடை நேரம். வைக்கோல் கட்டும்போது ஏதோ கடித்துவிட்டதாக ஒரு விவசாயியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கூட இருபது பேர் இருப்பார்கள். எங்கள் டியூட்டி டாக்டர் உங்கள் வயதுதான், ஒல்லியாக, பள்ளிக்கூடப் பையன் மாதிரி இருப்பார். கடிவாயைப் பார்த்தார், "மேல பாருங்க" என்று இமையைப் பார்த்தார், கொஞ்சம் ரத்தம் எடுத்துச் சின்னக் கண்ணாடி டியூபில் விட்டு ஸ்டாண்டில் வைத்தார். அதற்கு மேல் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். அவ்வளவுதான், கூட்டம் கொதித்தது. "ஊசி போடாம வேடிக்கையா பாக்குறே?" என்று மகன் சட்டையைப் பிடிக்கப் போனான்.

விஷயம் தெரிந்தவர்களுக்கு அதுதான் சோதனை. சோப்புப் படாத, காய்ந்த கண்ணாடி டியூபில் ரத்தத்தை 20 நிமிஷம் ஆடாமல் வைக்க வேண்டும். சாய்த்தால் கட்டியாக நிற்க வேண்டும், தண்ணீர் மாதிரி ஓடினால் கண்ணாடி விரியன் மாதிரி ரத்தத்தைக் கெடுக்கிற பாம்பின் விஷம் ஏறிவிட்டது என்று அர்த்தம். கடித்தாலும் விஷம் ஏறாத கடி உண்டு. விஷமுறிவு மருந்து குதிரை ரத்தத்திலிருந்து எடுப்பது, தேவையில்லாதவருக்கு ஏற்றினால் அதுவே ஒவ்வாமையில் ஆளைச் சாய்த்துவிடும். இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். அந்த மகனுக்கு எப்படித் தெரியும்?

அந்த டாக்டர் குரலை உயர்த்தவில்லை. மகனைக் கூப்பிட்டு ஸ்டூலில் உட்கார வைத்தார். டியூபை அவன் முன்னால் நகர்த்தி, தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். "இதைத் தொடாதே. முள்ளு நாலுக்கு வந்ததும் என்னைக் கூப்பிடு. ரத்தம் கட்டலேன்னா மருந்து ரெடியா இருக்கு, அந்தா பாரு" என்று டிரேயைக் காட்டினார். நான் பத்துக் குப்பியையும் அடுக்கி வைத்திருந்தேன். இருபது பேரும் மூச்சு விடாமல் அந்த டியூபைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நேரம் ஆனதும் மகன்தான் கத்தினான். டாக்டர் சாய்த்தார். ஓடியது. அடுத்த நிமிஷம் மருந்தை டிரிப்ஸில் கலந்து ஏற்ற ஆரம்பித்தோம். ஐந்தாம் நாள் அவர் நடந்து வீட்டுக்குப் போனார். அடுத்த பொங்கலுக்கு அந்த மகன் ஒரு கட்டுக் கரும்பு கொண்டுவந்து ஓ.பி. வாசலில் போட்டுவிட்டுப் போனான்.

ஓ.பி.யில் 200 பேர் நிற்கும்போது எல்லோரிடமும் இப்படிக் கடிகாரத்தைக் கழற்றி வைக்க முடியாது, தம்பி. அது எனக்கும் தெரியும். கை ஓங்கினால் போலீஸைக் கூப்பிடுங்கள், தயங்காதீர்கள். ஆனால் கை கட்டி நிற்கிற நேரத்தில் எதற்காக நிற்கிறீர்கள் என்று ஒரு வரி சொல்ல முடிந்தால் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே சிஸ்டர், உங்கள் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் நீங்கள் டாக்டரை நம்புகிறீர்களா? – வாசகி, கும்பகோணம்

பதில்: நம்பி ஒரு தடவை அடிபட்டிருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தை மாதம், ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு என் வீட்டுக்காரருக்கு ராத்திரி நெஞ்செரிச்சல். தாடையும் வலிக்கிறது என்றார். தெரிந்த ஒரு தனியார் டாக்டரிடம் போனோம். என்னைப் பார்த்ததும், "வாங்க சிஸ்டர்" என்று வரிசையைத் தாண்டி உள்ளே கூப்பிட்டார், டீ வாங்கிவரச் சொன்னார். ஈசிஜி எடுத்தார், நார்மல். "கேஸ்தான் சிஸ்டர், விருந்துச் சாப்பாடு" என்று ஒரு ஊசி போட்டு அனுப்பினார்.

முதல் ஈசிஜி நார்மலாக இருந்தாலும் மாரடைப்பு இல்லை என்று ஆகிவிடாது. அரை மணி கழித்து இன்னொன்று எடுக்க வேண்டும், ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். எத்தனையோ பேருக்கு நானே கம்பி மாட்டி மறுபடி எடுத்திருக்கிறேன். "இன்னொரு ஈசிஜி எடுக்கலாமா டாக்டர்?" என்ற வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவர் ஃபீஸ் வாங்க மறுத்துவிட்டார். ஃபீஸ் வாங்காத டாக்டரிடம் கேள்வி கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. டீயைக் குடித்துவிட்டு, கும்பிட்டுவிட்டு வந்தேன்.

விடிகாலை 4 மணிக்கு 108. பிழைத்துக்கொண்டார். ஸ்டென்ட் வைத்திருக்கிறது. இதயம் பழையபடி இறைப்பதில்லை, மாடிக்குத் துணி காயப்போடப் போனால் பாதிப் படியில் உட்கார்ந்துகொள்கிறார். அந்த டாக்டர் ஒரு நாள் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து, "இன்னொண்ணு எடுத்திருக்கணும் சிஸ்டர்" என்றார். "நான் கேட்டிருக்கணும்" என்றேன். அவருக்கு நான் டீ போட்டுக் கொடுத்தேன். கோபம் முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

இப்போது பார்க்கிற இதய டாக்டரிடம் 40 பக்க நோட்டு ஒன்றோடு போகிறோம். கேள்விகளை வீட்டிலேயே எழுதிவிடுவேன். முதல் தடவை நோட்டைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். இப்போது நாங்கள் உட்கார்ந்ததும் அவரே கையை நீட்டி வாங்கிக்கொள்கிறார். போன தடவை எழுதிப்போனது நாலு கேள்வி. மூன்றுக்கு அங்கேயே பதில் எழுதினார். இரண்டு ரத்தம் உறையா மாத்திரைகளில் ஒன்றை நிறுத்தலாமா என்பது நாலாவது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பழைய ஆஞ்சியோ சி.டி.யைப் போட்டுப் பாத்துட்டுச் சொல்றேன். வியாழக்கிழமை போன் பண்ணுங்க" என்றார்.

நாளைக்கு வியாழன்.